ஒரு சின்ன அறிவிப்பு

ஆசீர்வாத ஜெபத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு, செருப்பை எந்தப் பக்கம் கழற்றிப்போட்டேன் என்று மனதுக்குள் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் செயலாளர் மைக்கை வாங்கினார். "ஒரு சின்ன அறிவிப்பு." போன ஞாயிறு நடந்தது. கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறிவிட்டால் எழுத வராது என்பதால் சூட்டோடு உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சின்ன அறிவிப்பு முடிந்தபோது பசறையிலிருந்து பதுளைக்குப் போகிற பஸ் எங்கள் வளைவைத் தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்ற ஒன்றைத்தான் எங்கள் சபையில் யாரும் அறிவிப்பதில்லை.

நான் எழுத வேண்டியது இதுவல்ல. சபையின் ஆண்டு மலருக்கு 'சபையும் சமூகமும்' என்ற தலைப்பில் கட்டுரை கேட்டிருக்கிறார் போதகர். "மாஸ்டர், நீங்கதான் எழுதணும். நாம தோட்டத்துச் சனங்களுக்குச் செய்ற ஊழியத்தப் பத்தி நல்லா விளக்கமா போடுங்க" என்றார். விளக்கமாகவே போட உத்தேசம். அதற்கு முன்னால் இந்த அறிவிப்பு விவகாரத்தை ஒரு பத்தியில் முடித்துக்கொள்கிறேன்.

செயலாளர் தங்கமான மனிதர். வாரம் முழுக்க ஸ்டோரில் கொழுந்து அரைக்கிற ரோலர் இரைச்சலுக்கு நடுவே கைஜாடையில் காலம் தள்ளுகிறவர். ஆறு நாள் வாய்க்குள் தேங்கியது முழுவதும் ஏழாம் நாள் எங்கள் தலையில் இறங்குகிறது. உலகத்தைப் படைத்தவரே ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார்.

முதலில், புதன்கிழமை ஜெபக்கூட்டம் வழக்கம்போல நடைபெறும் என்றார். வழக்கம்போல நடப்பதை எதற்கு அறிவிப்பது? அடுத்தது, ஏற்கெனவே அறிவித்ததை நினைவூட்டும் அறிவிப்பு. அதற்கடுத்தது, போன வாரம் பிழையாக அறிவித்ததைத் திருத்தும் அறிவிப்பு. திருத்தத்திலும் தேதி பிழை. முன்வரிசையிலிருந்து அவருடைய வீட்டம்மா விரலை நீட்டிக் காட்டினார். வெள்ளியா சனியா என்று இருவருக்கும் நடந்த பேச்சு ஒலிபெருக்கி வழியாக மேட்டு லயம் வரைக்கும் கேட்டிருக்கும். வாலிபர் கூட்டம் இந்த மாதமும் இல்லை என்றார். எப்படி இருக்கும்? வாலிபர் சங்கத் தலைவர் புறக்கோட்டையில் துணிக்கடையில் நிற்கிறான். செயலாளர் கட்டாருக்குப் போய்விட்டான். பொருளாளராக இருந்த பிள்ளைக்குக் கட்டுநாயக்கவில் கார்மெண்ட்ஸ் வேலை. கூட்டம் போட்டால் வரக்கூடிய ஒரே வாலிபன், பென்ஷன் எடுத்துக்கொண்டிருக்கிற நான்தான்.

பிறகு நாற்காலி. இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எங்கள் சபையின் நீலப் பிளாஸ்டிக் நாற்காலிகள் ஞாயிறு காலையில் மட்டும்தான் சபையில் இருக்கும். மற்ற நாட்களில் சாவு வீடு, சடங்கு வீடு, சங்கக் கூட்டம், அம்மன் கோயில் திருவிழா என்று தோட்டம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கும். கோயில் கமிட்டி கேட்டாலும் இல்லை என்று சொன்னதில்லை. போதகர் காலடி படாத வீடு டிவிஷனில் சில உண்டு. நாற்காலி போகாத வீடு கிடையாது. திருநீறு படிந்து வந்திருக்கிறது, சாராய வாசத்தோடு வந்திருக்கிறது, ஒருமுறை முதுகில் தொழிற்சங்கச் சுவரொட்டியோடு வந்தது. 'சபையும் சமூகமும்' கட்டுரையில் இதைச் சேர்க்கலாமா என்று போதகரைக் கேட்டேன். "ஆவிக்குரிய விஷயமா ஏதாவது..." என்று இழுத்தார். சரி, விட்டுவிட்டேன். செயலாளர் விடவில்லை. "பணிய லயத்துச் சாவு வீட்டுக்குப் போன நாற்காலியில மூணு இன்னும் திரும்பல. எடுத்தது யாருன்னு கர்த்தருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்." இத்தனை நேரத்தில் சபையே நிமிர்ந்து உட்கார்ந்து கேட்ட ஒரே வாசகம் இதுதான். பிரசங்கத்துக்கும் இப்படி ஒரு வரி கிடைத்தால் நன்றாக இருக்கும்.

நாற்காலியின் முதுகில் பெயிண்டால் பெயர் எழுதியிருக்கும். இன்னாரின் நினைவாக இன்ன குடும்பத்தார். உட்கார்ந்து சாயும்போதெல்லாம் காலஞ்சென்ற ஒருவருடைய பெயரில் முதுகைத் தேய்க்கிறோம். இது எங்கள் கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது. பதுளை நகரத்து சென். மார்க்ஸ் ஆலயமே மேஜர் ரோஜர்ஸ் என்ற துரையின் ஞாபகார்த்தமாகக் கட்டியதுதான். ஆயிரத்து நானூறு யானைக்குக் குறையாமல் சுட்டவர் என்பார்கள். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். எங்கள் சபைக்காரராக இருந்திருந்தால் யானைக்கு ஒரு நாற்காலி வீதம் வாங்கி வைத்திருக்கலாம். திரும்பி வராத மூன்றுக்காக இவ்வளவு மனக்கசப்பு வந்திருக்காது. நாற்காலி வாங்கி மிஞ்சிய காசில் ஒரு மின்விசிறியும் வந்தது. நமுனுகுல மலைக்காற்று ஜன்னல் இடுக்கில் நுழைந்து ஆகஸ்டிலும் ஸ்வெட்டரைக் கேட்கிற இடத்தில் மின்விசிறி! நன்கொடை கொடுத்தவர் வரும் ஞாயிறுகளில் மட்டும் அதைச் சுழல விடுவோம். வயதானவர்கள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நன்றி சொல்வார்கள்.

பாப்டிஸ்ட் சபை என்பதால் நோய் கொஞ்சம் முற்றியிருக்கிறது. எங்களுக்குப் பேராயர் கிடையாது. மேலேயிருந்து உத்தரவு வராது. ஒவ்வொரு சபையும் தன் காரியத்தைத் தானே கூடித் தீர்மானிக்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில், மின்விசிறியை எந்தச் சுவரில் மாட்டுவது என்பதற்கும் அங்கத்தவர் கூட்டம். கூட்டத்துக்கு முன்னால் இரண்டு வாரம் அறிவிப்பு, கூட்டத்துக்குப் பின்னால் தீர்மானத்தை அறிவிக்கும் அறிவிப்பு, தீர்மானம் நிறைவேறாததற்கு வருத்தம் தெரிவிக்கும் அறிவிப்பு.

தோட்டத்துச் சனத்தின் பொறுமையும் இதற்கு உடந்தை. கோப்பிக் காலத்திலிருந்து விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் நின்று அறிவிப்புக் கேட்டுப் பழகிய கால்கள். தப்புச் சத்தம் கேட்டு எழும்பி, பனியில் நடுங்கிக்கொண்டு வரிசையில் நிற்க, இன்னார் இன்ன மலைக்கு என்று கணக்கப்பிள்ளை சொல்வார். கேட்டுவிட்டுப் போக வேண்டியதுதான், எதிர்க்கேள்வி கிடையாது. துரை போய்ப் பெரிய மனிதர்கள் வந்தார்கள். அறிவிப்பு மட்டும் நிற்கவில்லை. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்ற பேச்சை வருஷக்கணக்காக மேடைதோறும் கேட்டோம். அது வர்த்தமானியில் வந்து சேர 2021 ஆயிற்று. 2024 மே தினத்தன்று கொட்டகலை மேடையில் 1,700 என்று அறிவித்தார்கள், கைதட்டினோம். கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. அந்த வருஷக் கடைசியில் அடிப்படைச் சம்பளமாகக் கைக்கு வந்தது 1,350. கைதட்டலைத் திருப்பி வாங்க ஏற்பாடு எதுவும் இல்லை. இதையெல்லாம் தாங்கிய காதுக்கு எங்கள் செயலாளர் எம்மாத்திரம் என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் அவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை அறிவிக்கிறார்கள். இவர் வாரத்துக்கு ஒருமுறை.

எங்கள் முன்னோடிகள் இப்படி இல்லை. 1792இல் இங்கிலாந்தில் கெட்டரிங் என்ற ஊரில் ஒரு விதவையம்மாவின் வீட்டு அறையில் சில போதகர்கள் கூடி பாப்டிஸ்ட் மிஷனைத் தொடங்கினார்கள். அன்று சேர்ந்த காணிக்கை வாக்குறுதி 13 பவுண் 2 ஷில்லிங் 6 பென்ஸ். அதை ஒரு மூக்குப்பொடி டப்பாவில் சேர்த்தார்கள் என்பது காலங்காலமாகச் சொல்லிவரும் கதை. அடுத்த வருஷமே செருப்புத் தைக்கிற தொழிலிலிருந்து வந்த வில்லியம் கேரி வங்காளத்தில் இறங்கிவிட்டார். நம்மவர் அந்த அறையில் இருந்திருந்தால், டப்பாவை இரவல் கொடுத்த சகோதரருக்கு நன்றி, பொடியை வேறு பாத்திரத்துக்கு மாற்றிக் கொடுத்த சகோதரிக்கு நன்றி, டப்பாவின் மூடி காணவில்லை, எடுத்தவர் யார் என்று கர்த்தருக்குத் தெரியும் என்று தொடங்கியிருப்பார். கேரிக்குக் கப்பல் தவறியிருக்கும். அதே மிஷனிலிருந்து ஜேம்ஸ் சேட்டர் 1812இல் கொழும்புக்கு வந்தார். வந்த மூன்றாம் வருஷம், 1815இல், அவர் எழுதிய சிங்கள இலக்கணம் அச்சாகிவிட்டது. அந்நிய ஊர், அந்நிய மொழி, ஒரு முழு இலக்கணம்! எங்கள் ஆண்டு மலர் அதைவிட நீண்ட காலமாக 'விரைவில் வெளிவரும்'.

இன்னொரு கணக்கும் மனதில் உறுத்துகிறது. 1878ஆம் வருஷம் ஜூலை 3ஆம் தேதி, ஆந்திரத்தில் ஓங்கோலுக்குப் பக்கத்தில், குண்டலகம்மா ஆற்றில், ஜான் கிளஃப் என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரியின் சபையார் ஒரே நாளில் 2,222 பேருக்கு முழுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். தண்ணீரில் எத்தனை போதகர் மாறி மாறி நின்றிருந்தாலும் என்னால் நம்ப முடியாதது ஒன்றுதான்: இடையில் யாரும் மைக்கை வாங்கவில்லை. மைக் அப்போது கிடையாது என்பது வேறு விஷயம். எங்களிடம் போன தடவை முழுக்கு எடுத்தவர்கள் இரண்டே பேர். காலையில் ஆற்றங்கரைக்குப் போனவர்கள் திரும்பி வர மாலை விளக்கு வைக்கிற நேரமாயிற்று. அவர்கள் இடுப்பளவு தண்ணீரில் பல் கிட்டிக்கொண்டு நிற்க, கரையில் செயலாளர் சாப்பாட்டுப் பார்சல் எத்தனை என்று எண்ணிக் கொண்டிருந்தார். ஊவாவின் மலையாற்றுத் தண்ணீரில் நின்றுகொண்டு பார்சல் கணக்குக் கேட்டவனுக்கு விசுவாசத்தில் வேறு சோதனை வேண்டியதில்லை.

அந்த கிளஃப் விஷயத்தில் எனக்குப் பிடித்தது 2,222 அல்ல. அது தாது வருஷப் பஞ்சத்தின் காலம். எங்கள் பாட்டன் பூட்டன்களில் நிறையப்பேர் கடலைத் தாண்டி இந்த மலைகளுக்கு ஏறிவந்ததும் அந்தப் பஞ்சத்துக்குத் தப்பித்தான். கிளஃப் பக்கிங்ஹாம் கால்வாயில் ஒரு பகுதியை வெட்டும் வேலையைக் குத்தகைக்கு எடுத்து, பட்டினி கிடந்தவர்களுக்குக் கூலி வேலை கொடுத்தார். பஞ்சம் நடக்கும்போது ஞானஸ்நானம் கேட்டு வந்தவர்களைப் பிறகு பார்க்கலாம் என்று நிறுத்திவைத்தார். சோற்றுக்காக வந்தார்கள் என்ற பேச்சு வேண்டாம் என்று.

நாங்கள் என்ன செய்கிறோம்? கொழும்பிலிருந்து நண்பர்கள் உலர் உணவுப் பொதி கொண்டுவருகிறார்கள். நல்ல மனசுக்காரர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. காலை ஒன்பது மணிக்கு வரச்சொல்லி அறிவிப்பு. கொழுந்துக்காரப் பெண்கள் அரைநாள் பேரை விட்டுவிட்டு வந்து உட்கார்கிறார்கள். அரிசி, பருப்பு, டின்மீன், சவர்க்காரம் எல்லாம் கண்முன்னே மேசையில் இருக்கிறது. அதைத் தொட முன்னால் வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, நன்றியுரை. பிறகு ஒவ்வொரு பொதிக்கும் நாலைந்து கைகள் சேர்ந்து பிடிக்க, எல்லாரும் கமராவைப் பார்க்க, பொதி ஒருவர் கையிலும் முழுதாக இல்லாமல் அந்தரத்தில் நிற்கும். படம் சரியாக வரவில்லை என்று ஒரு பாட்டியிடமிருந்து பொதியைத் திருப்பி வாங்கி மறுபடி கொடுத்தார்கள். "வாங்கினது வாங்கினதுதானே சாமி, திரும்ப எதுக்குப் புடுங்குறீங்க?" என்று கேட்டது கிழவி. சபையில் நான் கேட்ட பிரசங்கங்களில் சிறந்தது அது. அறிவிப்பில் அது வராது. 'ஏராளமானோர் பயன்பெற்றனர்' என்று வரும். அரைநாள் சம்பளத்தையும் அந்தப் பொதியின் விலையையும் கழித்துக் கூட்டிப் பார்த்தால் யாருக்கு யார் பயன்பட்டார்கள் என்று தெரியும். கூட்டிப் பார்க்கக் கணக்கு வாத்தியார் தேவையில்லை.

போன ஞாயிறு பெஞ்சில் பாதி காலி. ஊவாவில் இது கச்சான் அடிக்கிற காலம். இலை மணக்கிற மாதம், கொழும்பு ஏலத்தில் நல்ல விலை. கைக்காசுக்குக் கொழுந்து எடுக்க ஞாயிற்றுக்கிழமையிலும் பெண்கள் மலைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் ஏன் வரவில்லை என்று செயலாளர் மிகுந்த மனவேதனையோடு அறிவித்தார், வந்திருந்த எங்களிடம். வராதவர்களுக்கான கண்டனம் முழுவதையும் வந்தவர்கள்தான் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் ரோட்டில் சூன் பாண் ஆட்டோ பீத்தோவனை ஊதிக்கொண்டு வந்தது. ஒரே மெட்டு, ஒரே செய்தி, பாண் இருக்கிறது. பிள்ளைகள் வாசலைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். எனக்குத் தெரிந்து பதுளை மாவட்டத்தில் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்லி, சொன்னதைக் கையோடு கொடுத்துவிட்டுப் போகிற ஒரே அறிவிப்பாளர் அவன்.

ஒரு பத்தி என்றேன், தாண்டிவிட்டது. இனி ஊழியத்துக்கு வருகிறேன். எங்கள் சபை ஆற்றிவரும் சமூகப் பணிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது வகை, வீடு சந்திப்பு. போதகரும் மூப்பர்களும் லயம் லயமாகப் போய்

இந்த இடத்தில் போன் அதிர்ந்தது. வாட்ஸ்அப் குழு. செயலாளரின் குரல்பதிவு. பின்னணியில் ரோலர் இரைச்சல், அதற்கு மேல் அவருடைய குரல். ஞாயிறு வராதவர்களுக்காக எல்லாவற்றையும் ஆதியிலிருந்து சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு திருத்தம் சேர்த்திருந்தார். புதன்கிழமை ஜெபக்கூட்டம் நடைபெறாது. அந்த வாரம் முழுக்க வீடு சந்திப்பும் இல்லை. கிராமச் சபைகளில் ஊழியத்தை விரிவாக்குவது எப்படி என்ற கருத்தரங்குக்காகப் போதகர் கொழும்புக்குப் போகிறார். கூடப் போக விரும்புகிறவர்கள் பேர் கொடுக்கலாம். பஸ் காசு அவரவர் பொறுப்பு. உட்கார நாற்காலி அங்கேயே உண்டு.