வட்டத்துக்கு ஒரு கணினி வைத்தியர்

நெய்வேலி நகரியத்தில் வட்டத்துக்கு ஒருவராவது, அனல்மின் நிலையத்தில் தலை நரைத்து, ஷிப்ட் முடிந்த நேரமெல்லாம் அக்கம்பக்கத்துக் கணினிகளின் திடீர் மரணங்களை விசாரிப்பதிலேயே பொழுதைப் போக்கும் பெரியவராக இருப்பார். 1962இல் சோவியத் ஒத்துழைப்புடன் முதல் மின்னலகு ஓடத் தொடங்கிய அவ்வூரில், இயந்திரம் தானாக நின்றுபோவதை 'ட்ரிப்' என்பர். காரணம் எழுதாமல் அலகை மீண்டும் ஓட்டுவது தொழில்தர்மத்துக்கு அடுக்காது. அந்த மரபில் ஊறியவராதலால், நீலத்திரை காட்டி உறைந்துபோகும் பழைய மேசைக்கணினியையும் 210 மெகாவாட் அலகாகவே பாவித்து, நின்ற நேரம், அறையின் வெக்கை, அவ்வேளை மிக்சி ஓடியதா என்பது உட்பட அனைத்தையும் நோட்டில் பதிந்த பிறகே ஸ்க்ரூடிரைவரைத் தொடுவார்.

ஒரே செயலியைத் திறக்கும்போதெல்லாம் கணினி நின்றால் மென்பொருளையும், எந்த வேலையின்போதும் ஒழுங்கின்றி நின்றால் வன்பொருளையும் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பது அவரது சித்தாந்தம்; அதில் பிழையில்லை. சந்தேக நபர்கள் மூவர்: சுவரின் 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டுகளாக்கித் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி, தூசி அடைத்த ஹீட்சிங்க், நினைவகமாகிய ராம். டார்ச் வெளிச்சத்தில் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாக நோக்குவார். ராமைக் கழற்றி, அதன் பொன்முலாம் பூசிய விளிம்பைப் பள்ளிப்பிள்ளையின் ரப்பரால் நிதானமாகத் தேய்ப்பார். பின்னர், நினைவகத்தில் எழுதியதையே திரும்பப் படித்துச் சரிபார்க்கும் மெம்டெஸ்ட் நிரலை இரவு முழுவதும் ஓடவிடுவார். அவர் எதிரில் அமர்ந்திருக்கும்வரை கணினி ஒருமுறையேனும் நிற்காது என்பதும், மூன்றாவது காபிக்குள் அவ்வீட்டு அம்மாளின் பொறுமை நின்றுவிடும் என்பதும் வட்டமறிந்த உண்மைகள்.

இதற்கிடையே வீட்டுப் பையன் எஸ்.எம்.பி.எஸ்., ராம் இரண்டையும் ஒருசேர மாற்றிக் கணினியைப் பிழைக்கவைத்துவிட்டால், அவருக்கு அதைவிடப் பெரிய அவமதிப்பு வேறில்லை. "தம்பி, ரெண்டையும் ஒண்ணா மாத்திட்டா குத்தவாளி யாருன்னு எப்படித் தெரியும்?" என்று கடிந்து, பழைய பாகங்களையே திரும்பப் பொருத்தி, அது நிற்பதற்காகக் காத்திருப்பார். தளர்ந்திருந்த தொடர்பு கழற்றி மாட்டியதிலேயே சீராகிவிடுவது உண்டாதலால், கணினி மாதக்கணக்கில் குறையின்றி ஓடும், அவரோ வாரந்தவறாமல் வந்து, "காரணம் அறியப்படவில்லை, கண்காணிப்பில் உள்ளது" என்று நோட்டில் எழுதிச் செல்வார்.