தாலிக்கு முதல் வயர்

கோப்பாயில் கலியாண வீட்டுக்கு ஐயருக்கு முன்பே வந்து சேருவது வயர்ச் சுருள்தான். மூன்று கமரா, ஒரு சுவிச்சர், பந்தலுக்கு வெளியே எல்இடி திரை, கனடாச் சித்தப்பாவுக்கு நேரலை. காலை 9 மணி முகூர்த்தம், கோடையில் ரொறன்ரோவில் முதல்நாள் இரவு 11.30. மனுசன் நித்திரை முழித்திருந்து பார்ப்பது கறுப்புத் திரையை.

சாதாரண எச்டிஎம்ஐ வயர் 15 மீற்றரைத் தாண்டினால் தள்ளாடும். மணவறையிலிருந்து திரைக்கோ 30 மீற்றர். இந்தத் தூரத்தைச் சும்மா தாண்டுகிற எஸ்டிஐ வயர் இருக்கிறது. அதற்கான காசு பூச்சோடனைக்குப் போய்விட்டது. ஒலி மிக்சருக்கு வீட்டுக் கரண்ட், சுவிச்சருக்கு ஜெனரேற்றர்; இரண்டையும் ஒலி வயரால் தொடுத்ததும் 50 ஹேட்ஸ் இரைச்சல் சுருதிப்பெட்டி போலக் கூடவே இழுக்கும். தவிலுக்கும் ஒரு மைக். மைக் இல்லாமலே இருபாலை வரை கேட்கிற வாத்தியம் அது!

"தம்பி, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவிடும்," என்றார் தாய்மாமன்.

தம்பி பணிவாக ஒரு குமிழைத் திருகினார். எந்த வயரும் செருகாத சனல் அது.

"ஓம், இப்பதான் நல்லாக் கேக்குது!"