நூறு டிகிரி

பெங்களூருவின் தொழிற்பேட்டையான பொம்மசந்திராவில் குடியேறிய தமிழரை ஏன் வந்தீர் என்று கேட்டால், உத்தியோகம் என்று ஒப்புக்கொள்பவர் அபூர்வம். சீதோஷ்ணம் என்பதே பதில். சுமார் 900 மீட்டர் உயரத்தில் அமர்ந்து, மின்விசிறியே தேவையில்லை என்று கர்வப்பட்டுக்கொண்டிருந்த பெங்களூரு, 2016 ஏப்ரலில் 39.2 டிகிரியைத் தொட்ட பிறகும் அந்தப் பதில் மாறவில்லை.

எங்கள் மாடிவீட்டு நண்பர் சேலத்துக்காரர். தம் தேகத்தின் உஷ்ணத்தைப் பற்றிச் சற்றும் விசாரமில்லாத அவர், மடிக்கணினியின் உஷ்ணத்தைக் காட்டும் ஒரு மென்பொருளைத் திரையின் மூலையில் பிரதிஷ்டை செய்துவிட்டு, அதன் தரிசனத்துக்கு இடையிடையே அலுவலக வேலையும் பார்த்து வந்தார். ஒரு சாயங்காலம் அது 92 காட்டவே, "சார், தண்ணீர் கொதிக்கிற சூடு!" என்று படியிறங்கி ஓடிவந்தார். இந்த உயரத்தில் தண்ணீர் கொதிக்கச் சுமார் 97 டிகிரி வேண்டும், இன்னும் ஐந்து பாக்கியிருக்கிறது என்று நான் சொன்னது அவருக்கு ஆறுதலாகப் படவில்லை.

மடிக்கணினி ப்ராசஸர்கள் பலவற்றுக்குத் தயாரித்தவர்களே விதித்த உச்சவரம்பு 100 டிகிரி. சிலவற்றுக்கு 95, சிலவற்றுக்கு 105. கனமான வேலையில் 80, 90 என்பதெல்லாம் சகஜம். வரம்பை எட்டினால் ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் யாரிடமும் விடைபெறாமல் அணைந்துவிடும். மனிதனோ, பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் தைரியத்தில், 100 ஃபாரன்ஹீட்டுக்கே படுத்துவிடுகிறான்.

மாடிக்குப் போய்ப் பார்த்தேன். மடிக்கணினி மெத்தையின்மேல், கம்பளியின் அணைப்பில், அடிப்புறத்துக் காற்றுத் துவாரங்கள் அனைத்தும் அடைபட்டுச் சயனித்திருந்தது. போதாக்குறைக்கு, சூட்டுக்கு ஏற்ப உள்விசிறியின் சுழற்சியைக் கூட்டிக் குறைக்கும் பொறுப்பை, பழைய ஜமீன் கணக்குப்பிள்ளையைப் போல் அட்டவணை பிசகாமல் நிர்வகித்து வந்த சிறு சில்லைப் பதவியிறக்கிவிட்டு, 85 டிகிரி வரை விசிறி வாயே திறக்கக்கூடாது என்று இவர் புதுச்சட்டம் போட்டிருந்தார். அலுவலகக் கூட்டங்களில் அதன் இரைச்சல் தம் பேச்சை அமுக்குகிறதாம்!

மேஜைமேல் எடுத்து வைத்ததுமே எண் இறங்கத் தொடங்கியது. தொழிற்பேட்டைத் தூசியை விசிறியின் வாயிலிருந்து ஊதி வெளியேற்றினோம். விண்டோஸில் ப்ராசஸரின் அதிகபட்ச நிலையை 100 சதவீதத்திலிருந்து 99 ஆக்கினால், பல கணினிகளில் டர்போ வேகம் நின்று சூடு கணிசமாகத் தணியும். ஒரு சதவீதச் சிக்கனத்துக்கு இவ்வளவு பலன் எந்த நிதி மந்திரிக்கும் வாய்த்ததில்லை. ஆனால் விசிறியின் அட்டவணையைப் பழையபடி மாற்ற மட்டும் நண்பர் இசையவில்லை.

அவரை இசைய வைத்தது மெட்ரோ. 2025 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய மஞ்சள் பாதையின் கடைசி நிலையத்துக்கு டெல்டா எலக்ட்ரானிக்ஸ் பொம்மசந்திரா என்று பெயர். அந்தத் தைவான் கம்பெனி கணினிகளுக்கு விசிறி செய்வதில் உலகப் பிரசித்தம் என்று சொன்னேன். ஊரின் நிலையத்துக்கே விசிறிக்காரர் பெயர் சூட்டியிருக்கையில், வீட்டு விசிறியை வாயடைத்து வைப்பது அபசாரம் என்று அன்றே பழைய அட்டவணையை மீட்டார். இப்போது கூட்டங்களில் அவரைவிட விசிறியே தெளிவாகக் கேட்கிறது. மேலதிகாரிக்கு அது மிகவும் பிடித்துவிட்டதாகத் தகவல்.