பேர் சொல்லாப் பிள்ளைகள்

நம் பாட்டிமார் புருஷன் பேரைச் சொல்ல மாட்டார்கள். யாராவது கேட்டால் பக்கத்தில் நிற்கும் பேரனைப் பார்ப்பார்கள். மரியாதையாம். 1924 கோடையில் நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் கூடிய அமெரிக்க ஜனநாயகக் கட்சிக்கும் வாயில் வராத பேர் ஒன்று இருந்தது. கூ க்ளக்ஸ் க்ளான். முகத்தை மூடி, வெள்ளை அங்கி மாட்டி, கறுப்பரைச் சவுக்கால் அடித்தும் கொன்றும், கத்தோலிக்கரையும் யூதரையும் மிரட்டியும் திரிந்த கூட்டம். வெளியே லட்சக்கணக்கில் ஆள். மண்டபத்துக்குள்ளும் ஆள் இருந்தது, பிரதிநிதி பேட்ஜ் குத்திக்கொண்டு.

அதை ஒழிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கட்சித் தீர்மானத்தில் அதன் பேரைச் சொல்லி இரண்டு வரி கண்டியுங்கள் என்றார்கள். மூன்று சொல். அதற்கே அடிதடி, போலீஸ்.

வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் எழுந்தார். மூன்று முறை ஜனாதிபதி வேட்பாளராக நின்று மூன்று முறையும் தோற்றவர். ஏழைகளுக்காகத் தொண்டை கிழியப் பேசிப் பேர் வாங்கியவர். அந்தத் தொண்டையை அன்று எதற்குச் செலவழித்தார் தெரியுமா? அந்த மூன்று சொல் மட்டும் வேண்டாம், கட்சி உடைந்துவிடும் என்று மன்றாட. மேல்மாடத்தில் இருந்தவர்கள் சீறித் தீர்த்தார்கள். கட்சி உடையக் கூடாது. மண்டை உடையலாம், அது கறுப்பன் மண்டைதானே.

பேர் சொல்வதா என்று ஓட்டெடுப்பு வந்தது. பல மாநிலங்கள் தங்களுக்குள்ள ஓட்டைவிட அதிகம் பேரை அனுப்பியிருந்ததால் தலைக்கு அரை ஓட்டு, கால் ஓட்டு, அதற்கும் கீழே. நம் ஓலைச்சுவடிக் காலத்து மாக்கணக்குப் போல இருபதில் ஒரு பங்கு வரை கூறு போட்டு எண்ணினார்கள். மனசாட்சியை இவ்வளவு நுணுக்கமாக எடை போட்ட கட்சி உலகில் வேறு இருக்காது. ஆயிரத்துச் சொச்சம் ஓட்டில் ஏறக்குறைய ஒரே ஓட்டில் க்ளான் தப்பியது. தீர்மானத்தில் மதச் சுதந்திரம் பற்றி நாலு மணமான வார்த்தை நின்றது. திருடன் பேரை விட்டுவிட்டுத் திருட்டு தப்பு என்று எழுதிக்கொடுத்த புகார்.

குடியரசுக் கட்சி யோக்கியமா என்றால், அவர்களும் அந்த வருஷம் பேர் சொல்லவில்லை. அவர்களின் ஜனாதிபதி கூலிட்ஜ் எதற்குமே வாய் திறக்காதவர். அவருக்கு இது சௌகரியம்.

பிறகு வேட்பாளர் தேர்வு. ஒரு பக்கம் மெக்காடூ. முன்னாள் ஜனாதிபதி வில்சனின் மருமகன்; எண்ணெய் ஊழலில் சிக்கிய முதலாளியிடம் வக்கீல் ஃபீஸ் வாங்கியவர்; க்ளான் தந்த ஆதரவை உதறாதவர். மறுபக்கம் நியூயார்க் கவர்னர் அல் ஸ்மித், கத்தோலிக்கர். மொத்தம் 1,098 ஓட்டு. மூன்றில் இரண்டு பங்கு, 732, வேண்டும். இருவருக்கும் எட்டாது. ஆனால் அடுத்தவனுக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ள இருவராலும் முடியும்.

ஒவ்வொரு சுற்றும் அலபாமாவில் தொடங்கும். அதன் கவர்னர் எழுந்து இழுத்துச் சொல்வார்: அலபாமா, இருபத்து நாலு ஓட்டு, ஆஸ்கர் அண்டர்வுட்டுக்கு! பஜனை மடத்தில் பல்லவி எடுப்பதுபோல மேல்மாடமும் கூடச் சொல்லும். வானொலியில் முதல்முறையாக மாநாட்டைக் கேட்ட ஜனங்களும் வீட்டில் இருந்தபடி சொன்னார்கள். வேடிக்கை, அந்த அண்டர்வுட்தான் க்ளானைப் பேர் சொல்லிக் கண்டிக்கச் சொன்ன தெற்கத்தி மனிதர். ஜூலை 4 அன்று பக்கத்து நியூ ஜெர்சியில் க்ளான்காரர்கள் கூடி ஸ்மித்தின் கொடும்பாவியைப் பந்தால் அடித்து விளையாடினார்கள். மண்டபத்தில் சுற்று தொடர்ந்தது. ஐம்பது. எழுபது. பிரதிநிதிகளின் கைக்காசு கரைந்தது. ஹோட்டல் வாடகைக்கு வழியில்லாமல் சிலர் ஊருக்கு ரயிலேறினார்கள்.

இத்தனை கூச்சலும் பெரும்பாலும் கத்தோலிக்கர், யூதர் மானத்தைப் பற்றி. கறுப்பருக்கு அந்த மேடையில் குரலே கிடையாது. அடுத்த மாநாட்டில், 1928இல் ஹூஸ்டனில், பார்வையாளராக வந்த கறுப்பருக்குத் தனி இடம் ஒதுக்கினார்கள். கோழிக்கூண்டுக் கம்பிவலைக்குப் பின்னால்.

103ஆவது சுற்றில் ஜான் டேவிஸ் தேறினார். வால் ஸ்ட்ரீட் வக்கீல், மார்கன் வங்கிக்காகப் பேசியவர். களைத்துப்போன பந்தியில் கடைசியாக வந்த ரசம். நியாயத்தைச் சொல்லவேண்டும், ஆகஸ்டில் அவர் க்ளானின் பேரை வாய்விட்டுச் சொல்லிக் கண்டித்தார். நவம்பரில் நூற்றுக்கு இருபத்தொன்பது ஓட்டு கூடத் தேறவில்லை.

ஆனால் டேவிஸ் ஓயவில்லை. சுமார் முப்பது வருஷம் கழித்து, எண்பதை நெருங்கிய வயதில், உச்ச நீதிமன்றத்தில் நின்றார். கறுப்புப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் உட்காரக் கூடாது என்று தெற்குக் கரோலைனாவுக்காக வாதாடினார். ஃபீஸ் வாங்கவில்லை, கொள்கைக்காகச் செய்தாராம். 1954 மே 17 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தள்ளினார்கள். மாநிலச் சட்டசபை மட்டும் நன்றி மறக்காமல் அவருக்கு ஒரு வெள்ளித் தேநீர் செட் அனுப்பிவைத்தது.