ஏழு நிமிடம் கொடுங்கள்!

ஹவுஸ், டெக்னோ கேள்வி-பதில் - செப்டம்பர் 2024

கே: இந்த மாதம் வந்ததில் ஒரே ஒரு ஆல்பம் கேட்கத்தான் நேரம் இருக்கிறது. எதைக் கேட்கட்டும்? (மதுரை)

ப: ஃப்ளோட்டிங் பாயிண்ட்ஸின் ‘கேஸ்கேட்’. 13-ஆம் தேதி வந்தது. ஃப்ளோட்டிங் பாயிண்ட்ஸ் என்ற பெயருக்குப் பின்னால் இருப்பவர் ஒரே ஆள்: சாம் ஷெப்பர்ட். மான்செஸ்டரில் வளர்ந்தவர், நரம்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். 2021-இல் ஜாஸ் மேதை ஃபாரோ சாண்டர்ஸுடன் ‘ப்ராமிசஸ்’ என்று அவ்வளவு நிதானமான ஓர் ஆல்பம் தந்தார். இப்போது நேராக நடனத் தளத்துக்கே வந்துவிட்டார். ‘பர்த்4000’ கேளுங்கள். பேஸ் ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு ஓட, அதன் மேல் சின்தசைசர் கொஞ்சம் கொஞ்சமாக வாய் திறக்கிறது. மற்ற ட்ராக்குகளின் பெயர்களிலும் ஊர் எட்டிப்பார்க்கிறது: ‘கீ103’ மான்செஸ்டரில் முன்பு இருந்த வானொலி நிலையம், ‘அஃப்லெக்ஸ் பேலஸ்’ அந்த ஊரின் கடைத்தொகுதி. வளர்ந்த ஊரின் மீதுள்ள பாசத்தை வார்த்தையே இல்லாமல் இசையில் சொல்லிவிட்டார்.

கே: ஜேமி எக்ஸ்எக்ஸின் ‘இன் வேவ்ஸ்’? ஒன்பது வருடம் காத்திருந்தோமே! (கோவை)

ப: காத்திருப்பு வீண்போகவில்லை. 2015-இல் வந்த ‘இன் கலர்’ தனியறையில் கேட்கப் பொருத்தமானது. 20-ஆம் தேதி வந்த இது கூட்டத்துக்கானது. சிகாகோவில் பிறந்த டிஜே ஹனி டிஜானுடன் சேர்ந்து செய்த ‘பேடி ஆன் தி ஃப்ளோர்’ முதல் நொடியிலேயே காலைக் கிளப்பிவிடும். என் ஓட்டு ‘ட்ரீட் ஈச் அதர் ரைட்’டுக்கு.

கே: ஹவுஸுக்கும் டெக்னோவுக்கும் என்ன வித்தியாசம்? எனக்கு இரண்டும் ‘டும் டும்’தான். (தஞ்சாவூர்)

ப: இரண்டிலும் அந்த ‘டும்’ பொது. ஒரு தாள வட்டத்தில் நான்கு அடி, நான்கிலும் கிக் டிரம். சொந்த ஊர்தான் வேறு. ஹவுஸ் சிகாகோ. 1977-இல் திறந்த ‘வேர்ஹவுஸ்’ கிளப்பில் ஃப்ராங்கி நக்கிள்ஸ் டிஸ்கோவையும் சோல் இசையையும் நீட்டி, வெட்டி, ஒட்டி வாசித்தார். வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் தன்பாலீர்ப்பு இளைஞர்கள். வெளியே கிடைக்காத மரியாதை அங்கே கிடைத்தது. ஹவுஸில் இன்றைக்கும் பாடும் குரலும், பியானோவும், கைதட்டும் முன்னால் நிற்பதற்கு அதுவே வேர். டெக்னோ டெட்ராய்ட். பக்கத்து ஊரான பெல்வில்லில் ஒன்றாகப் படித்த ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரும் ஜெர்மனியின் க்ராஃப்ட்வெர்க்கையும் அமெரிக்க ஃபங்க் இசையையும் ஒருசேரக் கேட்டு வளர்ந்தவர்கள். கார் தொழிற்சாலைகள் நொடித்துப்போன ஊரில் இருந்துகொண்டு எதிர்காலத்தைக் கற்பனை செய்தார்கள். ஹவுஸ் உங்களைக் கட்டிக்கொள்ளும், டெக்னோ எங்கோ கூட்டிப்போகும்.

கே: ஒரே அடியை ஏழு நிமிடம் அடிக்கிறார்களே, சலிக்காதா? (விருதுநகர்)

ப: அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். இங்கே நகர வேண்டியது நீங்கள்! ஒரு சோதனை செய்து பாருங்கள். நிமிடத்துக்கு 124 அடி வேகத்தில் போகும் ட்ராக் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 16 தாள வட்டம் ஏறக்குறைய 31 விநாடி. மாற்றங்கள் பெரும்பாலும் அந்த எல்லைகளில்தான் வரும். ஓர் எல்லையில் ஹை-ஹேட் நுழையும், அடுத்ததில் கைதட்டு சேரும், இன்னொன்றில் கிக் சட்டென நின்று மூச்சு முட்டவைக்கும். அது திரும்பும் அந்த ஒரு அடிக்காகத்தான் கூட்டமே கையைத் தூக்குகிறது. முப்பது விநாடியில் பாட்டை மாற்றிவிடுகிறவருக்கு முதல் மாற்றம்கூடக் காதில் விழாது. ஏழு நிமிடம் கொடுங்கள், பிறகு சலிப்பா இல்லையா என்று எழுதுங்கள்.

கே: எல்லாம் மெஷின். இதில் மனிதன் எங்கே? (சேலம்)

ப: விரலில். ரோலண்ட் நிறுவனம் 1981 இறுதியில் டிபி-303 என்ற சின்ன வெள்ளிநிறப் பெட்டியைக் கொண்டுவந்தது. பேஸ் வாசிக்க ஆள் இல்லாத கிடார்காரருக்குத் துணையாக இருக்கட்டும் என்பது எண்ணம். பேஸ் கிடார் போலவே ஒலிக்கவில்லை, விற்கவும் இல்லை. 1984-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். மலிவு விலைக்கு செகண்ட்ஹேண்டில் வந்த ஒன்று ஃப்யூச்சர் என்ற சிகாகோ குழுவின் கைக்குக் கிடைத்தது. அதில் ஒரு வரி ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஜே பியர் குமிழ்களைத் திருகினார். பெட்டி கத்தியது, கெஞ்சியது, குமிழியிட்டது. அதுதான் 1987-இல் வெளியான ‘ஆசிட் ட்ராக்ஸ்’. ரெக்கார்டாக வருவதற்கு முன்பே ரான் ஹார்டி ‘மியூசிக் பாக்ஸ்’ கிளப்பில் அதை ஒரே இரவில் நான்கு முறை போட்டார். முதல் முறை தளம் காலியானது, நான்காவது முறை கூட்டம் பித்துப் பிடித்து ஆடியது என்று பியர் சொல்லியிருக்கிறார். தயாரித்தவர்கள் கைவிட்ட பொருளில் உயிர் இருப்பதைக் கண்டுபிடித்ததே மனிதக் கைதான்.

கே: இந்தியாவுக்கு இதில் பங்கு உண்டா? (சென்னை)

ப: பெருமையாகச் சொல்லலாம். 1982, பம்பாய். இந்திப் படங்களுக்கு வாசித்துவந்த சரண்ஜித் சிங், அதே டிபி-303, ஒரு டிஆர்-808 டிரம் மெஷின், ஒரு ஜூபிடர்-8 சின்தசைசர் மூன்றையும் வைத்து, டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்களைப் பதிவு செய்தார். ‘ஆசிட் ட்ராக்ஸ்’ வர இன்னும் ஐந்து வருடம் இருந்தது. அப்போது கவனிப்பார் இல்லை. 2010-இல் மறுபதிப்பாக வந்ததும் உலகம் மூக்கில் விரல் வைத்தது. அதில் பூபாலி நம் மோகனம், மால்கோன்ஸ் நம் இந்தோளம். கேட்டதும் காது அடையாளம் கண்டுகொள்ளும். 2015-இல் மறைவதற்குள் வெளிநாட்டு மேடைகளில் அவர் அதை வாசித்துக் கைதட்டலும் வாங்கிவிட்டார் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

கே: டெக்னோ என்றால் பெர்லின்தானே? (புதுச்சேரி)

ப: பெர்லின் புகுந்த வீடு. 1991-இல் ஒரு பழைய பல்பொருள் அங்காடியின் நிலவறைப் பெட்டகத்தில் ‘ட்ரெசர்’ கிளப் திறந்தது. அதே பெயரில் தொடங்கிய லேபிளின் முதல் வெளியீடே டெட்ராய்ட்டின் அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் குழுவினர் செய்த ‘எக்ஸ்-101’. 2024 மார்ச்சில் ஜெர்மனி, பெர்லின் டெக்னோவைத் தன் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. வாழ்த்துவோம். ஆனால் வரலாறு சொல்லும்போது பிறந்த வீட்டின் பெயர்தான் முதலில் வரவேண்டும்.

கே: மொபைல் ஸ்பீக்கரில் கேட்டால் போதுமா? (திருநெல்வேலி)

ப: பாதிப் பாட்டுதான் கிடைக்கும். கிக்கின் கனம் பெரும்பாலும் 50, 60 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. அவ்வளவு சின்ன ஸ்பீக்கரால் அதைத் தள்ள முடியாது. சுமாரான ஹெட்போன்கூட அதைவிட மேல்.

கே: அடுத்த மாதம் என்ன வருகிறது? (ஈரோடு)

ப: அக்டோபர் 4-இல் கரிபூவின் ‘ஹனி’, 18-இல் கெல்லி லீ ஓவன்ஸின் ‘ட்ரீம்ஸ்டேட்’. கரிபூ என்கிற டான் ஸ்னெய்த் கணிதத்தில் முனைவர். எண்ணி எண்ணி ஆடலாம்!

கே: எல்லாம்தான் ஸ்ட்ரீமிங்கில் கிடைக்கிறதே, காசு கொடுத்து எதற்கு வாங்க வேண்டும்? (நாகர்கோவில்)

ப: இந்த இசையில் பெரும்பகுதி படுக்கையறையில், வேலைக்குப் போய்வந்த பிறகு, தனி ஆட்கள் செய்வது. பெரிய நிறுவனம் பின்னால் இல்லை. பேண்ட்கேம்ப் தளத்தில் டிஜிட்டல் ஆல்பம் வாங்கினால் தளம் பொதுவாக 15 சதவீதம் எடுத்துக்கொள்ளும், பணம் செலுத்தும் கட்டணம் போக மிச்சம் கலைஞருக்கோ லேபிளுக்கோ போகும். 2020 மார்ச் முதல் நடத்திவரும் ‘பேண்ட்கேம்ப் ஃப்ரைடே’ நாட்களில் தன் பங்கையும் விட்டுக்கொடுக்கிறது. ஃப்ராங்கி நக்கிள்ஸ் காலத்திலிருந்து ஹவுஸும் டெக்னோவும் பிழைத்து வந்தது, வாசலில் காசு கொடுத்து உள்ளே வந்து ஆடியவர்களால்தான். மாதம் முழுவதும் இலவசமாகக் கேளுங்கள், தவறில்லை. மனதை அசைத்த ஒன்றையாவது வாங்கிவிடுங்கள். அதைச் செய்தவர் அடுத்ததைச் செய்வாரா என்பது அதில்தான் இருக்கிறது.