தலை வலிக்கிறதா? தாடையைக் கேளுங்கள்!

கே: தலைவலிக்கும் தாடைக்கும் என்ன சம்பந்தம்? (வாசகர், தஞ்சாவூர்)

ப: நெற்றிப்பொட்டில் விரலை வைத்துப் பல்லைக் கடியுங்கள். விரலடியில் புடைக்கிறதே, அது மெல்லுவதற்கான தசை. நீங்கள் தினமும் தைலம் தேய்க்கிற அதே இடம்தான்!

கே: காதுக்குள் வலி. காது டாக்டரோ காதில் ஒன்றுமில்லை என்கிறார். (வாசகி, ஈரோடு)

ப: சரியாகத்தான் சொல்கிறார். தாடை மூட்டு இருப்பது காதுக்கு நேர் முன்னால். 1934-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஜேம்ஸ் காஸ்டன் என்ற காது-மூக்கு-தொண்டை மருத்துவர் காதடைப்பையும் தலைவலியையும் இந்த மூட்டோடு முடிச்சுப் போட்டார். அவர் சொன்ன காரணம் பிற்பாடு தள்ளுபடி ஆனது. முடிச்சு மட்டும் அவிழவில்லை!

கே: வாயைத் திறந்தால் 'டக்' என்று சத்தம். பயப்பட வேண்டுமா? (வாசகர், நாகர்கோவில்)

ப: மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். தாராளமாக நுழைந்து, வலியும் இல்லையென்றால் சத்தத்துக்கு வைத்தியம் தேவையில்லை. வெறும் சத்தத்துக்கெல்லாம் ஆஸ்பத்திரி என்றால் சட்டசபை காலியாகிவிடும்!

கே: நான் பல்லைக் கடிப்பதே கிடையாது. எனக்கும் தாடை வலி வருமா? (வாசகி, மதுரை)

ப: இந்த வரியைப் படிக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொண்டிருந்தனவா? சும்மா இருக்கையில் தொடவே கூடாது. உதடு மூடியிருக்கட்டும், பல் விலகியிருக்கட்டும். இதோ, சட்டென்று விலக்கிக்கொண்டீர்களே... அதுதான் பதில்!

கே: கணவர் தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடிக்கிறார். வயிற்றில் பூச்சி என்கிறார் மாமியார். (வாசகி, கும்பகோணம்)

ப: பூச்சி பாவம், விட்டுவிடுங்கள். மனஅழுத்தம், மது, புகை, அளவு மீறிய காபி, சில மனச்சோர்வு மாத்திரைகள் இவற்றைத்தான் விசாரிக்க வேண்டும். (மாத்திரையைத் தானாக நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் சொல்லுங்கள்.) பல் டாக்டர் தரும் நைட் கார்டு (இரவில் பல்மேல் மாட்டும் உறை) பல் தேயாமல் காக்கும். கடிக்கிற பழக்கத்தை அது கடிந்துகொள்ளாது!

கே: மைக்ரேனா, தாடையா? எப்படிப் பிரிப்பது? (வாசகர், கோவை)

ப: மெல்லும்போதும் கொட்டாவி விடும்போதும் வலி கூடினால் தாடைமேல் சந்தேகம் கொள்ளுங்கள். விண்விண்ணென்று தெறித்து, குமட்டி, வெளிச்சமும் கூசினால் மைக்ரேன்மேல். இரண்டும் ஒரே தலையில் வாடகை பேசாமல் குடியிருப்பதும் உண்டு!

கே: தினம் ஒரு மாத்திரை போட்டால் வலி ஓடிவிடுகிறதே, போதாதா? (வாசகர், சேலம்)

ப: மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்தைத் தாண்டியும் வலி மாத்திரை போட்டால், மாத்திரையே தலைவலி கொடுக்கலாம். வலி எங்கே ஓடியது? மெடிக்கல் ஷாப் வரை போய் உங்களோடு திரும்பி வருகிறது!

கே: செலவில்லாத வைத்தியம் உண்டா? (வாசகி, யாழ்ப்பாணம்)

ப: கன்னத்திலும் பொட்டிலும் 15 முதல் 20 நிமிடம் இளஞ்சூட்டு ஒத்தடம். கொட்டாவி வந்தால் முகவாய்க்கு அடியில் கையைக் கொடுத்து அளவாகத் திறங்கள். மணிக்கொரு தரம் 'பல் விலகியிருக்கிறதா?' என்று பாருங்கள். முறுக்கு, சீடை, கரும்பு, சூயிங்கம் நாலைந்து வாரத்துக்கு வேண்டாம். பெரும்பாலோருக்கு இவ்வளவே போதும். முறுக்கு கோபித்துக்கொள்ளாது!

கே: பல்லை ராவிச் சரிசெய்தால் தீருமாமே? (வாசகர், வேலூர்)

ப: ராவிய பல் முளைக்காது ஐயா! 2023-ல் பிஎம்ஜே மருத்துவ இதழ் வெளியிட்ட வழிகாட்டுதல் நாள்பட்ட தாடை வலிக்கு முதலில் சொல்வது தாடைப் பயிற்சி, தசை நீவுதல், மனத்தைத் தளர்த்தும் பயிற்சி. திரும்ப முடிகிற பாதையில் முதலில் நடங்கள்.

கே: எப்போது பயப்பட வேண்டும்? (வாசகர், சென்னை)

ப: வயது 50-க்கு மேல். பொட்டில் புதிதாக வலி. மென்றால் தாடை சோர்கிறது, சீப்பு பட்டால் தலை நோகிறது, பார்வை மங்குகிறது. இது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள், தாமதித்தால் பார்வையே போகலாம். நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் சேர்ந்து தாடை வலித்தால் மாரடைப்பாக இருக்கலாம், உடனே ஆம்புலன்ஸ். எனக்கு அடுத்த கேள்வியை நாளைக்கு எழுதலாம், போனை இப்போதே எடுங்கள்!