வண்டு மேலே, புழு கீழே

கே: தென்னங்குருத்தைக் காண்டாமிருக வண்டு குடைந்து நாசம் செய்கிறது. மரம் முழுக்கத் தேடியும் ஒரு புழுகூடச் சிக்கவில்லையே? – பொள்ளாச்சி வாசகர்

ப: எருக்குழியில் தேடுங்கள். இளங்குருத்து கேட்பது வண்டுதான். புழுவுக்கு மட்கிய சாணமும் உளுத்த தென்னந்தடியும் போதும். எருவைப் புரட்டினால், பழுப்புத் தலையோடு அரைவட்டமாகச் சுருண்ட கொழுத்த வெள்ளைப் புழு தட்டுப்படும். பொறுக்கி அழியுங்கள். மெட்டாரைசியம் பூஞ்சணத்தை எருவில் கலந்துவிட்டால் மிச்சமிருப்பவை நோய் கண்டு சாகும். பட்டுப்போன மரத்தைத் தோப்பில் போட்டுவைக்காதீர்கள்.

கே: கறிவேப்பிலையில் பறவை எச்சம் போல ஒரு புழு. தொட்டால் சிவப்புக் கொம்பு நீட்டுகிறது. விஷமா? – மதுரை வாசகி

ப: இல்லவே இல்லை. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி அல்லது அதன் சொந்தக்கார இனத்தின் புழு. எச்சம் போன்ற தோற்றம் பறவையை ஏமாற்ற. கொம்பின் நாற்றம் எதிரியை விரட்ட. பெரும்பாலும் எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை என்று ஒரே குடும்பத்து இலைதான் தின்னும், பக்கத்து ரோஜாவைத் தொடாது. நாலு கொத்து போனால் போகட்டும்.

கே: கொய்யாவில் மாவுப்பூச்சி. நடுவில் ஒன்று மட்டும் பெரிதாக, விறுவிறுவென ஓடுகிறது. எந்த மருந்து அடிக்கலாம்? – திண்டுக்கல் வாசகர்

ப: தெளிப்பானைக் கீழே வையுங்கள்! மாவுப்பூச்சி அப்படி ஓடாது. அது கிரிப்டோலீமஸ் என்ற பொறிவண்டின் புழு. உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு இழை தொங்க, இரையைப் போலவே இருக்கும். தின்பது மாவுப்பூச்சியின் முட்டையையும் குஞ்சையும். காப்பிச் செடியின் செதில்பூச்சியை ஒடுக்க 1898-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த வண்டு இது. 'மாவுப்பூச்சி பெருத்துவிட்டது' என்று நினைத்து இதன்மேலேயே மருந்தடிப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. மாவுப்பூச்சியைத் தின்னும் புழு இன்னொன்றும் உண்டு. 2008-ல் கோவைப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் சூறையாடியது. அதை அடக்கியது 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்த அசெரோபேகஸ் குளவி. கடுகைவிடச் சிறியது. அதன் புழு மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே இருந்து அதைத் தின்று வளரும்.

கே: கொசுப்புழுவும் ரத்தம் குடிக்குமா? – கடலூர் வாசகர்

ப: தொட்டியில் ரத்தம் ஏது? பாசி, நுண்ணுயிர், மட்கிய இலைத்துணுக்கு இவற்றை வடித்துத் தின்னும். ரத்தம் பெண்கொசுவுக்கு மட்டும், முட்டை வைப்பதற்காக. தொட்டியை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள்.

கே: மகள் வளர்த்த பட்டுப்புழு கூட்டைவிட்டு அந்துப்பூச்சியாக வந்துவிட்டது. சர்க்கரைத் தண்ணீர் வைத்தும் தொடவில்லை. அழுகிறாள். – தர்மபுரி வாசகி

ப: அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். அதற்குத் தின்னும் வாயே கிடையாது. புழுவாக இருந்தபோது தின்ற மல்பெரி இலைதான் முட்டையிட்டு முடிக்கும்வரை அதற்குச் சோறு. அந்தத் தீனியிலும் முக்கால் பங்குக்கு மேல் புழுவின் கடைசிப் பருவமான ஐந்தாம் பருவத்தில்தான் உள்ளே போகிறது. அடுத்தமுறை வளர்க்கும்போது அந்தக் கடைசி வாரத்தில் இலை குறையாமல், வாடாமல் போடச் சொல்லுங்கள்.